டிவிடி எழுத ஒரு மணி நேரமா? டிரைவ் எதையோ சொல்கிறது!

கல்யாண வீடியோவை இப்போதெல்லாம் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஊரில் பெரியப்பா வீட்டில் இன்னமும் டிவிடி பிளேயர்தான். 'நமக்கு ஒண்ணு டிவிடியில போட்டுக் குடுப்பா' என்று அவர் கேட்டதும், பீரோவுக்குள் கிடந்த பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுப்பார்கள். காலி டிவிடியை வைத்து 'பர்ன்' கொடுத்தால் 3 சதவீதத்திலேயே நிற்கும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் 11.

இது கோளாறா, இயல்பா? சின்னக் கணக்கு போட்டாலே தெரிந்துவிடும். டிவிடிக்கு 1எக்ஸ் வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் 1,385 கிலோபைட். 4.7 ஜிபி முழுவதையும் அந்த வேகத்தில் எழுத ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். லேப்டாப்பில் இருக்கும் மெல்லிய டிரைவ் பெரும்பாலும் 8எக்ஸ் வரை போகும். அதையும் எடுத்த எடுப்பில் தொடாது. உள்வட்டத்தில் 3எக்ஸ் சொச்சத்தில் தொடங்கி, ஓரத்தை நெருங்கும்போதுதான் 8 வரும். ஆக, பத்து நிமிடம், கூடப்போனால் பன்னிரண்டு. டிஸ்க் டப்பாவில் போட்டிருக்கும் 16எக்ஸ், டிஸ்க் தாங்கும் வேகம். லேப்டாப் டிரைவ் அதை எட்டாது. எழுதியதைச் சரிபார்க்கும் 'வெரிஃபை' டிக் ஆகியிருந்தால் ஏறக்குறைய இன்னொரு மடங்கு நேரம் சேரும். பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று உண்டு: எம்பி4 வீடியோவைப் பிளேயரில் ஓடும் டிவிடியாக்கும்போது, சாஃப்ட்வேர் முதலில் அதை எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றுகிறது. பழைய லேப்டாப்பில் மணிக்கணக்கில் ஓடுவது அந்த வேலை. அப்போது டிரைவ் இன்னும் எழுதவே ஆரம்பித்திருக்காது.

இதையெல்லாம் கழித்தும் முக்கால் மணி, ஒரு மணி என்று இழுத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் சர்வீஸ் மேசை போட்டிருக்கும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, லேப்டாப்போடு ஓர் இளைஞர் வந்தார். "அண்ணே, டிரைவை மாத்திடலாமா?"

"இரு தம்பி. எந்த டிஸ்க்கைப் போட்ட, அதை முதல்ல காட்டு."

உறை இல்லாமல் அடுக்காக விற்கும் மலிவு டிஸ்க். சாஃப்ட்வேரின் வேகப் பட்டியலில் அதற்கு 2, 4 இரண்டே எண்கள். மேசை டிராயரிலிருந்து வேறொரு டிஸ்க்கை எடுத்துப் போட்டார். பட்டியலில் 8 வந்து நின்றது. டிரைவுக்கு ஒன்றுமில்லை.

காரணம் எளிது. ஒவ்வொரு காலி டிஸ்க்கிலும் அதைத் தயாரித்தவரின் குறியீடு பதிந்திருக்கும். எந்தக் குறியீட்டுக்கு லேசரை எவ்வளவு சக்தியில், எப்படித் துடிக்கவிட வேண்டும் என்ற பட்டியல் டிரைவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத டிஸ்க் வந்தால் டிரைவ் பத்திரமாக, மெதுவாக எழுதுகிறது. தயாரிப்பாளர் புது ஃபர்ம்வேர் வெளியிட்டிருந்தால் சில டிஸ்க்குகளுக்கு வழி பிறக்கும். இல்லையென்றால் டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி.

எழுதி முடித்த அந்த மலிவு டிஸ்க்குகளில் ஒன்றை அந்த சர்வீஸ்காரர் டியூப்லைட்டுக்குச் சாய்த்துக் காட்டினார். ஊதாப் பரப்பில் எழுதிய பகுதி ஒரு சாயல் மாறித் தெரியும். சாயம் ஒழுங்காகப் பூசிய டிஸ்க்கில் அந்த வட்டம் சீராக இருக்கும். இதில் ஓரம் முழுக்கத் திட்டுத் திட்டாக இருந்தது. அந்தத் திட்டுகளில்தான் யாரோ ஒரு வீட்டின் முகூர்த்தம் பதிவாகியிருக்கிறது.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லேப்டாப் டிரைவுக்குள் இருக்கும் தற்காலிக நினைவகம் ஓரிரு மெகாபைட்தான். தகவல் வந்து சேரத் தாமதமானால் லேசர் நின்று, காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த வசதி வருவதற்கு முன் டிஸ்க்கே வீணாகும். இப்போது நேரம் மட்டும் போகிறது. பென்டிரைவிலிருந்து நேராக எழுதாமல் ஃபைலை ஹார்டுடிஸ்க்குக்குக் கொண்டுவந்து எழுதுங்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும். வெளியே இணைக்கும் டிரைவ் என்றால் ஹப் வேண்டாம், லேப்டாப்பிலேயே செருகுங்கள். ஒரு யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான், எழுதும் லேசருக்குச் சில சமயம் அது போதாது. காலி டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்த என்று விண்டோஸ் கேட்கும்போது 'யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஃபார்மேட்டிலேயே நேரம் போகும், பல பிளேயர்களில் அந்த டிஸ்க் ஓடவும் செய்யாது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய லேப்டாப்பில் தனி வியாதி ஒன்று உண்டு. டிரைவைப் படிப்பதில் பிழைகள் ஆறு சேர்ந்தால் பிராசஸரைத் தொந்தரவு செய்யாத டிஎம்ஏ முறையைக் கைவிட்டு, பிராசஸரைப் பிழியும் பிஐஓ முறைக்கு அதுவாகவே இறங்கிவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய வேகம் திரும்பும்.

மறுபடி மறுபடி அது பிஐஓவுக்கே இறங்கினால்? எந்த டிஸ்க்கைப் போட்டாலும் மெதுவாகவே எழுதினால்? அங்கேதான் என் கவலை. லென்ஸில் தூசி படிந்திருக்கிறது, அல்லது லேசர் களைத்துவிட்டது. அப்படிப்பட்ட டிரைவ் முக்கி முக்கி எழுதிக் கொடுக்கும் டிஸ்க் அதே லேப்டாப்பில் ஓடும், பக்கத்து வீட்டில் ஓடாது. இன்றைக்கு ஓடும், நான்கு கோடை தாண்டினால் சொல்ல முடியாது. டிவிடி-ஆர் டிஸ்க்கில் பதிவைத் தாங்குவது கரிமச் சாயம். வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. நம் வீடுகளில் டிஸ்க் இருப்பதோ டிவிக்குக் கீழே, ஜன்னல் வெயில் விழும் கண்ணாடி ஷெல்ஃபில், மேலே மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி. அந்த ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலாக இருந்தாலே சுற்றும்போது டிஸ்க் தள்ளாடும்.

'டிவிடி காலமே முடிந்துபோனது, கிளவுடில் போட்டால் தீர்ந்தது' என்று சொல்பவர்கள் உண்டு. புதிய வீடியோக்களுக்கு அது பொருந்தும். ஆனால் 2000-களில் கல்யாணமும் காதுகுத்தும் நடத்திய குடும்பங்களிடம் இருப்பது ஒரே ஒரு டிஸ்க். அதைப் படிக்கும் டிரைவ் புது லேப்டாப்களில் வருவதே அரிது. ஸ்டூடியோக்காரர் மூல ஃபைலை எப்போதோ அழித்திருப்பார். தாத்தாவின் குரல் அந்த ஒரு டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இல்லாத வீடுகள் எத்தனையோ.

அதனால் பழைய லேப்டாப்பை வெளியே எடுத்த அன்றைக்கே, புதிதாக எழுதுவதற்கு முன்னால் பழையவற்றைப் படித்துவிடுங்கள். டிஸ்க்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைத்தால் விழும் கீறல் பதிவின் போக்கிலேயே ஓடி, பிழை திருத்தும் ஏற்பாட்டையும் தோற்கடித்துவிடும். முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக ஹார்டுடிஸ்க்கில் எடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று அக்காவிடமோ தம்பியிடமோ இருக்கட்டும். நடுவில் நின்றுபோனால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று படித்துவிடுவதுண்டு.