உங்களுக்குத் தெரியுமா? வடசென்னைப் பெண்களுக்காக…

● சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் கட்டிய சவளை ராஜா சர் ராமசாமி முதலியாரின் பெயரைத் தாங்கியதுதான், ராயபுரத்தின் ‘ஆர்.எஸ்.ஆர்.எம்.’ அரசு மகப்பேறு மருத்துவமனை. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. மீனவர், துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பிறந்த இடம்.

● டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கியது. 2018 முதல் 18,000 ரூபாய்: 14,000 ரொக்கமாக, 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. பெட்டகத்தில் நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும்.

● கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். அப்போது கிடைக்கும் எண், குழந்தையின் பிறப்பைப் பதியவும் தேவைப்படும்.

● வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் ‘புதுயுகம்’ திட்டம் 2012-இல் வந்தது. 10 முதல் 19 வயது வரை, ஆண்டுக்கு 18 பாக்கெட்.

● பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரை ரத்தசோகைக்கு எதிரானது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்டது. சாப்பிட்ட பிறகே போட வேண்டும். உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போனால் பயம் வேண்டாம். அது மாத்திரையின் இயல்பு.

அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. இவை உங்கள் உரிமை. தயங்காமல் கேட்டு வாங்குங்கள்!