சிறையிலிருந்து ஆட்சிக்கு: நிக்ருமா எழுந்தது எப்படி?

1951 பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் காலனியில் பொதுத்தேர்தல் நடந்தபோது, குவாமே நிக்ருமா அக்ராவில் உள்ள ஜேம்ஸ் கோட்டைச் சிறையில் இருந்தார். அவர் தொகுதியில் பதிவான 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கே விழுந்தன. பிப்ரவரி 12 அன்று விடுதலையானவரை, ஆட்சி அமைக்க அழைத்தார் பிரிட்டிஷ் ஆளுநர் ஆர்டன்-கிளார்க். கைதி ஆட்சிக்கு வந்தது எப்படி?

கொதித்த மக்கள்

நோய் பரவாமல் தடுப்பதாகச் சொல்லி, காய்த்துக்கொண்டிருந்த கோகோ மரங்களையும் அரசு வெட்டிச் சாய்த்தது; விவசாயிகள் கொதித்தனர். இறக்குமதிப் பொருட்களின் விலை எகிறியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் பர்மா வரை சென்று போரிட்டவர்களுக்கு, வாக்களித்த உதவிகள் வந்துசேரவில்லை. 1948 பிப்ரவரி 28 அன்று மனுக் கொடுக்க ஊர்வலமாகச் சென்ற அவர்களில் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்ரா பற்றியெரிந்தது.

பிரிந்த பாதை

அப்போது விடுதலை அரசியல் வழக்கறிஞர்கள், வணிகர்கள் கையில் இருந்தது. அவர்களில் முதன்மையானவர் ஜே.பி. டான்குவா. லண்டனில் இருந்த நிக்ருமாவை 1947இல் வரவழைத்துப் பொதுச்செயலாளர் ஆக்கியது இவர்களின் அமைப்புதான். கலவரத்துக்குப் பின் டான்குவாவும் நிக்ருமாவும் ஒன்றாகவே கைதாயினர். ஆனால், படிப்படியான மாற்றத்துக்கு மூத்தவர்கள் இசைந்தனர். நிக்ருமா கேட்டது ‘இப்போதே சுயாட்சி’. 1949 ஜூனில் மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார்.

சந்தையில் கடைபோட்ட பெண்களும், தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய இளைஞர்களும் கட்சியைத் தெருத்தெருவாகக் கொண்டுசென்றார்கள். காந்திய வழியில் 1950 ஜனவரியில் நடத்திய ஒத்துழையாமைப் போராட்டத்துக்காக நிக்ருமா சிறை சென்றபோதும் வேலை நிற்கவில்லை. கழிப்பறைத் தாளில் அவர் எழுதிய குறிப்புகள் வெளியே கடத்தப்பட்டன. கட்சியை அவரது சகா பெடிமா நடத்தினார். 1951 தேர்தலில் மக்கள் வாக்கால் நிரப்பப்பட்ட 38 இடங்களில் 34 இந்தக் கட்சிக்குக் கிடைத்தன.

வென்ற பின்

1952இல் நிக்ருமா பிரதமரானார். 1954, 1956 தேர்தல்களிலும் வென்று, 1957 மார்ச் 6 அன்று நாட்டை விடுதலைக்குக் கொண்டுசென்றார். கோல்டு கோஸ்ட் கானா ஆனது.

ஆனால் 1958இலேயே விசாரணையின்றிச் சிறை வைக்கும் சட்டம் வந்தது. 1964இல் ஒரே கட்சி ஆட்சி. அவரை அழைத்துவந்த டான்குவா, விசாரணையே இன்றி அடைக்கப்பட்டு, 1965இல் சிறையிலேயே இறந்தார். மறு ஆண்டு ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது, ஒருகாலத்தில் தெருக்களை நிறைத்த கட்சி எதிர்த்து நிற்கவில்லை.

நிக்ருமாவை உயர்த்தியது, சாமானியர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்ட கட்சி. ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையை மக்களிடமிருந்து எடுத்த பிறகு, அவர்களின் ஆதரவு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறியும் வழியையும் அவர் இழந்தார். புதிதாக விடுதலை பெறும் எந்த நாட்டின் தலைவருக்கும் இது பொருந்தும்.