பில் போடும் சிறு கம்ப்யூட்டர் நின்றுபோனால்

ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டரில் பில் போடும் கடைகள் உண்டு. விலை குறைவு, கரண்ட் செலவும் சொற்பம். ஆனால் பெரும்பாலும் இதில் ஹார்டு டிஸ்க் இருப்பதில்லை. விரல் நக அளவு மைக்ரோ எஸ்டி கார்டில்தான் மெஷினை ஓட்டும் மென்பொருளும், நமது சரக்கு இருப்பும், வாடிக்கையாளர் கடன் பாக்கியும் சேர்ந்தே இருக்கின்றன. எனவே மெஷின் அடிக்கடி உறைந்து நின்றால் உடனே புது மெஷின் வாங்க ஓட வேண்டாம்.

முதலில் கரண்டைப் பார்க்கவும். திரையின் மூலையில் மின்னல் குறி தெரிந்தால் மெஷினுக்கு வோல்டேஜ் போதவில்லை என்று பொருள். 2019-ல் வந்த பை 4 மாடலுக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் தேவை. கல்லாப் பெட்டியில் கிடக்கும் பழைய செல்போன் சார்ஜர் இதற்கு ஆகாது.

அடாப்டர் சரியாக இருந்தும், சிவப்பு விளக்கு மட்டும் எரிந்து பச்சை விளக்கு துடிக்காவிட்டால், கார்டைப் படிக்க முடியவில்லை என்று கொள்ளலாம். மென்பொருள் ஏற்றிய வேறொரு கார்டைப் போட்டு, மெஷின் ஓடினால் குற்றம் பழைய கார்டினுடையதே.

இதைவிட மோசமாக ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. கார்டில் ஒவ்வோர் இடத்திலும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்ற கணக்கு இருக்கிறது. அது தீர்ந்த கார்டு சில சமயம் புதிதாக எதையும் எழுதிக்கொள்ளாது. இருப்பதைப் படித்து மட்டும் காட்டும். காலை முதல் போட்ட பில்லெல்லாம் பதிவானது போலவே தெரியும். அணைத்துப் போட்டால் நேற்றைய கணக்குதான் வரும். ஒரே ஒரு முறை இப்படி நடந்தாலும் அந்தக் கார்டைக் கழித்துவிடவும்.

பழுது பார்க்க வருபவர், "ஃபார்மட் செய்துவிடலாம் அண்ணாச்சி" என்பார். தலையாட்ட வேண்டாம். முதலில் கார்டு முழுவதையும் வேறு கம்ப்யூட்டரில் நகல் எடுக்கச் சொல்லவும், மற்றது பிறகு. ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டிலுள்ள பதிவு சிதையும். மெஷினை முறையாக நிறுத்திய பிறகே சுவிட்சை அணைக்க, கடைப் பையனுக்கும் பழக்கிவிடவும். கரண்ட் கட்டுக்குச் சிறு யுபிஎஸ் போதும்.

புதுக் கார்டில் போலியும் உண்டு. மேலே 64 ஜிபி என்றிருக்கும், உள்ளே அதில் கால் பங்கும் இராது. மூட்டையை எடை போட்டு இறக்குவது போல, முழுக் கொள்ளளவையும் நிரப்பிச் சோதித்து வாங்கவும். அன்றாடக் கணக்கைப் பென் டிரைவிலும் நகல் எடுத்து, அதை மெஷினிலேயே செருகி வைக்காமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லவும்.