விடாப்பிடியாய் நிற்கும் ஃபோர் வீல்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதை முழுக்கக் கல்லும் பள்ளமும்தான். அப்படிப்பட்ட தடங்களில் நான்கு சக்கரங்களும் இழுத்தாக வேண்டும். இறங்கி வந்து தார் ரோட்டைத் தொட்ட பிறகுதான் சில வண்டிகள் முரண்டு பிடிக்கும். ஃபோர் வீலை எடுக்கலாம் என்று லிவரைத் தொட்டால் அது அசையாது. வளைவில் ஸ்டியரிங் கனக்கும், டயர் கீச்சிடும்.

லிவரைக் காலால் உதைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலும் உள்ளே எதுவும் உடைந்திருக்காது; இரும்புக்குள் ஒரு முறுக்கு மாட்டிக்கொண்டிருக்கும்.

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2.4 மீட்டர் இடைவெளி, பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் கடப்பது 15.7 மீட்டர், முன்பக்கம் 17.4 மீட்டர். முன் சக்கரங்கள் ஏறக்குறைய முக்கால் சுற்று கூடுதலாக உருள வேண்டும்.

ஆனால் ஜிப்ஸி, ஜிம்னி போன்றவற்றில் ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. மண்ணிலும் சரளையிலும் டயர் வழுக்கி அந்த முக்கால் சுற்றைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் அதற்கு இடமில்லை. பிழியப்படும் ஈரத் துணிபோல ஷாஃப்டுகளும் ஆக்சில்களும் முறுக்கேறுகின்றன. (1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர், முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலை நடுவிலும் வைத்து இதற்கு வழி கண்டது.) முறுக்கு ஏற ஏற, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஷாஃப்டுகளைப் பூட்டும் ஸ்லீவின் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்கின்றன. நெருக்கம் கூடினால் உராய்வும் கூடும். கைபலம் அதை வெல்லாது.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இடப்பக்க வளைவில் ஏறிய முறுக்கை வலப்பக்க வளைவு இறக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன் சக்கரங்களுக்குத்தான் தூரம் அதிகம். முறுக்கு ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். அதை அவிழ்ப்பது ரிவர்ஸ். ஸ்டியரிங்கைச் சற்று ஒடித்து, ஊர்ந்தபடி சில மீட்டர் பின்னால் வாருங்கள். லிவரில் இலேசான அழுத்தம் மட்டும் இருக்கட்டும். முறுக்கு முழுவதும் இறங்கும் கணத்தில் அது தானே நழுவும். பக்கத்தில் மண் தரை இருந்தால் அதில் மெல்ல ஓட்டினாலும் போதும். ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியும் விடுவிக்கலாம். ஆனால் தரையை விட்டதும் சக்கரம் வெடுக்கென்று சுழலும், கை அருகில் இருக்கக் கூடாது.

லிவர் வந்த பிறகும் முன்பக்கம் இழுத்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். முதலில் முன் சக்கரங்களின் ஹப்புகள். 1948-இல் ஆர்தர் வார்ன் ஜீப்புகளுக்காகச் செய்யத் தொடங்கிய வகை ஹப்புகளைக் கையால் திருப்பிப் பூட்டி விடுவிக்க வேண்டும். பின்னாளில் வந்த தானியங்கி ஹப்புகள் பல, சில மீட்டர் ரிவர்ஸ் வந்தால்தான் விடுபடும். ஃபோர் வீல் வேக்குவத்தில் இயங்கும் வண்டியில் சூட்டில் வெடித்த ரப்பர் ஹோஸைப் பாருங்கள். லிவருக்குப் பதில் சுவிட்ச் வைத்த வண்டியில் ஃபியூஸையும், தண்ணீர் புகுந்த கனெக்டரையும். ஸ்டியரிங் இலகுவாகத் திரும்பி, டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு மட்டும் அணையவில்லை என்றால் சந்தேகம் சென்சார் மீதுதான்.

நேர் ரோட்டிலேயே அடிக்கடி சிக்குகிறதா? டயர்தான் முதல் சந்தேகம். இரண்டு டயரை மட்டும் புதிதாக மாற்றி, தேய்மானத்தால் முன்னுக்கும் பின்னுக்கும் ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால், ஒரு சுற்றுக்கு 3 சென்டிமீட்டர் பிசகும். ஒரு கிலோமீட்டருக்கு 14 மீட்டர். டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கச் சொல்வதற்கு முன், நான்கு டயர்களின் காற்றைச் சமப்படுத்தி, சுற்றளவை டேப் வைத்து அளந்து பாருங்கள்.