காணாததை அளந்தவர்கள் – 9: சூரியன் கொந்தளித்தால் குறையும் கதிர்

சென்ற வாரம் விக்டர் ஹெஸ்ஸைப் பலூனில் ஏற்றி 5,300 மீட்டர் உயரம் வரை அனுப்பிவைத்தோம். மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுகிறது, ஆகவே அது மண்ணிலிருந்து வரவில்லை என்பது 1912 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அவர் கீழே கொண்டுவந்த செய்தி. அதே ஆண்டு ஏப்ரலில் அவர் இன்னொரு முறை பறந்ததையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 17 சூரிய கிரகணம். சந்திரன் சூரியனை ஏறக்குறைய முழுதாக மறைத்திருந்த நேரத்தில் ஹெஸ் ஆகாயத்தில் இருந்தார். கருவி காட்டிய அளவு இறங்கவில்லை. ஆகவே இந்தக் கதிர்களின் ஊற்று சூரியன் இல்லை என்று முடிவுகட்டினார்.

முடிவு சரிதான். ஆனால் ஊற்று சூரியன் இல்லை என்பதற்கும் சூரியனுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் ஸ்காட் ஃபோர்புஷ். ஹெஸ்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஃபோர்புஷின் பெயர் துறைக்கு வெளியே பலருக்குத் தெரியாது. இந்தத் தொடரில் அவருக்கு ஓர் அத்தியாயம் கட்டாயம் வேண்டும் என்று முதலிலேயே குறித்து வைத்திருந்தேன்.

ஃபோர்புஷ் அமெரிக்காவின் கார்னெகி நிறுவனத்தில் பூமியின் காந்தத்தை ஆராயும் பிரிவில் வேலை பார்த்தவர். பெரு நாட்டின் மலை மேல், 3,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கும் ஹுவான்கயோ ஆய்வகத்தில் தொடங்கினார். பிறகு 'கார்னெகி' கப்பலில் ஆய்வாளராகப் போனார். காந்த அளவீடுகள் கெடாமல் இருக்க இரும்பைத் தவிர்த்து மரத்தாலும் வெண்கலத்தாலும் கட்டிய கப்பல் அது. 1929 நவம்பரில் சமோவாவின் ஆபியா துறைமுகத்தில் பெட்ரோல் நிரப்பும்போது வெடித்து எரிந்தது. கேப்டன் இறந்துபோனார். ஃபோர்புஷ் தப்பினார். இந்த மனிதரிடம்தான் 1930-களின் நடுவில் காஸ்மிக் கதிர்ப் பதிவுகளை ஆராயும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

அந்தப் பதிவுகளைத் தந்த கருவியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஆர்தர் காம்ப்டனும் சகாக்களும் 1934-இல் வடிவமைத்தது. 19 லிட்டர் கொள்ளும் உருண்டையான எஃகுக் கலம். உள்ளே ஆர்கான் வாயு, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 50 மடங்கு அழுத்தத்தில். சுவரிலும் தரையிலும் இருக்கிற கதிரியக்கம் உள்ளே புகாதபடி சுற்றிலும் ஈயக் குண்டுகள் கொட்டிய கவசம். காஸ்மிக் கதிர் ஈயத்தையும் எஃகையும் துளைத்து உள்ளே வந்து ஆர்கான் அணுக்களை அயனியாக்கும். அதனால் மிக மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். இதோடு விட்டிருந்தால் சாதாரணக் கருவி. அதற்குள் ஒரு சிறிய யுரேனியத் துண்டையும் வைத்தார்கள். அந்த யுரேனியம் கிளப்பும் மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடி, கதிர் கிளப்பும் மின்னோட்டத்தைச் சரிகட்டிவிடும். இரண்டும் சமமாக இருக்கும்வரை மின்மானியின் ஊசி அசையாது. கதிர் சிறிது கூடினாலும் குறைந்தாலும் அசையும். ஊசியின் நிழல், மெல்ல நகரும் ஃபோட்டோ தாளில் கோடாக விழும். மொத்தத்தை விட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் எழுதும் கருவி இது. நூறில் ஒரு பங்கு மாற்றத்தைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அன்று இல்லை.

இதே கருவிகளை அமெரிக்காவின் மேரிலாந்தில் செல்டனம், பெருவின் ஹுவான்கயோ, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், கிரீன்லாந்தின் கோத்ஹாவ்ன் என நாலு இடங்களில் வைத்தார்கள். தாள்கள் வந்து குவிந்தன.

கோட்டைப் பார்த்தவுடனே சூரியன் தெரிந்துவிடவில்லை. முதலில் தெரிந்தது காற்று. பாரோமீட்டர் ஏறினால் தலைக்கு மேல் காற்று கூடுதலாக இருக்கிறது, கதிர் குறையும். அதைக் கழிக்க வேண்டும். அடுத்தது வெயில். நம்மை வந்தடையும் காஸ்மிக் கதிர்களில் பெரும்பங்கு மியூவான்கள். வானத்தின் மேலடுக்கில் பிறந்து, சில மைக்ரோ விநாடிகளில் சிதைந்துவிடும் துகள்கள். கோடையில் காற்று விரிவடையும், மியூவான்கள் இன்னும் உயரத்தில் பிறக்கும், வரும் வழி நீளும், வழியிலேயே சிதைவது அதிகமாகும். ஆகக் கோடையில் குறைவு, குளிர்காலத்தில் அதிகம். இங்கேதான் நாலு நிலையங்களின் அருமை தெரிகிறது. செல்டனத்தில் கோடை என்றால் கிறைஸ்ட்சர்ச்சில் குளிர்காலம். வெயிலால் வந்த மாற்றமாக இருந்தால் இரண்டு ஊர்களிலும் எதிரெதிராக இருக்கும். நாலு ஊரிலும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போகும் மாற்றம், இந்தக் காற்றுமண்டலத்துக்கு வெளியேயிருந்து வந்தது.

1937 ஏப்ரல் கடைசியில் ஒரு பெரிய காந்தப் புயல் அடித்தது. திசைகாட்டி முட்கள் உலகமெங்கும் ஆடின. செல்டனம், ஹுவான்கயோ இரண்டு இடத்துத் தாள்களிலும் கோடு சட்டென்று சரிந்து, பல நாட்கள் எடுத்துக்கொண்டு மெல்ல மேலே ஏறியது. இன்று உலகம் முழுக்க இதற்கு 'ஃபோர்புஷ் சரிவு' என்றே பெயர். அதே சரிவை ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் அருகே ஹஃபெலெகார் மலையுச்சியில் வைத்திருந்த கருவியில் இன்னொருவரும் பிடித்தார். வேறு யாருமில்லை, கிரகணத்தன்று பறந்த அதே ஹெஸ். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, சூரியனுக்கு இதில் பங்கு உண்டு என்பதற்கான சான்று அவருடைய கருவியிலேயே விழுந்தது.

புயலின்போது குறைகிறது என்றால், சூரியன் பொதுவாகவே கொந்தளிப்பாக இருக்கும் ஆண்டுகளில்? இதற்குப் பதில் சொல்ல ஒரு சூரியச் சுழற்சி முழுக்கக் காத்திருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 11 ஆண்டுகள். ஃபோர்புஷ் அதற்கும் மேலே காத்திருந்தார். சூரியப் புள்ளிகள் 1937-இல் உச்சத்தில் இருந்தன, 1944-இல் அடிமட்டத்துக்குப் போயின, 1947-இல் மறுபடி உச்சம். 1937 முதல் 1952 வரையிலான பதிவுகளை வைத்து அவர் எழுதிய கட்டுரை 1954-இல் வந்தது. புள்ளிகள் கூடிய ஆண்டுகளில் காஸ்மிக் கதிர் குறைந்திருந்தது. புள்ளிகள் குறைந்தபோது கதிர் கூடியிருந்தது. மாற்றம் சில சதவீதம்தான். நடுவில் ஓர் உலகப் போர் முடிந்திருந்தது. அத்தனை ஆண்டுகளும் அந்தக் கலங்களைக் கவனித்து, தாளை மாற்றி, அளவுகோல் நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்ட உதவியாளர்களும் இந்தக் கண்டுபிடிப்பில் பங்குள்ளவர்களே.

ஏன் குறைகிறது? 1958-இல் யூஜின் பார்க்கர் விளக்கத்துக்கு வழி திறந்தார். சூரியனிலிருந்து மின்னேறிய துகள்கள் ஓயாமல், விநாடிக்கு நானூறு கிலோமீட்டர் போன்ற வேகத்தில் வெளியே வீசுகின்றன. அந்தச் சூரியக் காற்று தன்னோடு காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. நட்சத்திரவெளியிலிருந்து உள்ளே வரும் காஸ்மிக் கதிர், வெள்ளத்தை எதிர்த்து ஏறும் மீனைப் போல இந்தக் காற்றை எதிர்த்து வர வேண்டும். கொந்தளிப்பான ஆண்டுகளில் வெள்ளம் கலங்கலாக, சுழல்கள் நிறைந்து ஓடுகிறது. பல கதிர்கள் பூமி வரை வருவதில்லை. சூரிய வெடிப்பிலிருந்து ஒரு பெரும் பிளாஸ்மா மேகம் நம்மைக் கடந்து போகும்போது, அதன் பின்னால் சில நாட்களுக்குக் கதிர் குறைகிறது. அதுதான் ஃபோர்புஷ் சரிவு.

இதெல்லாம் பூமியின் காந்தப்புலம் செய்யும் வேலையாக இருக்கக் கூடாதா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1960-இல் பயனியர் 5 விண்கலம் பூமியிலிருந்து ஏறக்குறைய 50 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சரிவு நிகழ்ந்தது. பூமியின் காந்தம் எட்டாத அந்த இடத்திலும் கதிர் குறைந்தது. கேள்வி அதோடு முடிந்தது.

பயனியர் 5-இல் அந்தக் கருவியை வைத்தவர்களில் ஒருவர் சிகாகோவின் ஜான் சிம்ப்சன். அளவீட்டில் அடுத்த பெரிய அடியை எடுத்ததும் அவர்தான். எஃகுக் கலம் உயர் ஆற்றல் கதிர்களின் வாரிசான மியூவான்களைத்தான் பெரும்பாலும் பார்க்கிறது. சூரியன் அதிகம் தடுப்பதோ ஆற்றல் குறைந்த கதிர்களை. அவை காற்றில் மோதி உண்டாக்கும் நியூட்ரான்களை எண்ணலாமே என்று 1948-இல் நியூட்ரான் மானியை உருவாக்கினார். கனத்த ஈயத்தில் ஒரு துகள் மோதினால் பல நியூட்ரான்கள் தெறிக்கும், அவற்றை மெழுகில் வேகம் குறைத்து எண்ணுகுழாயில் பிடிக்கலாம். எளிய யோசனை, அபாரமான பலன். துருவப் பக்கத்து நிலையங்களில் ஒரு சூரியச் சுழற்சியில் 20 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் தெரிந்தது. ஆனால் காற்றழுத்தம் 1 மில்லிபார் ஏறினால் எண்ணிக்கை 0.7 சதவீதம் போல இறங்கும், ஆகவே பாரோமீட்டரை விட்டுப் பிரிய முடியாது. 1956 பிப்ரவரி 23 அன்று சூரியன் தானே துகள்களை வாரி வீசியபோது, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மானியில் எண்ணிக்கை ஏறக்குறைய 45 மடங்கானது. சூரியன் தடுப்பது வழக்கம், எப்போதாவது இப்படிக் கொட்டுவதும் உண்டு.

ஊட்டிக்கு வருவோம். நம் அட்சரேகையில் பூமியின் காந்தப்புலம் கடுமையான வேலி. ஏறக்குறைய 17 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றலுள்ள புரோட்டான் நேர் மேலிருந்து உள்ளே வர முடியாது. அதற்கு மேற்பட்ட கதிர்களைச் சூரியன் கொஞ்சமே அசைக்கிறது. அந்தக் கொஞ்சத்தைப் பிடிக்க ஏராளமான துகள்களை எண்ண வேண்டும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஊட்டியில் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் அதற்காக 3,712 எண்ணுகுழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் சதுர வாய் கொண்ட இரும்புக் குழாய். நாலு அடுக்காக, ஓர் அடுக்குக்கு அடுத்தது குறுக்காக வைத்து, மேலே 2 மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் ஏற்றியிருக்கிறார்கள். மியூவான் எந்தெந்தக் குழாய் வழியாகப் போனது என்று பார்த்தால் எந்தத் திசையிலிருந்து வந்தது என்றும் தெரியும். மொத்தப் பரப்பு 560 சதுர மீட்டர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 கோடி மியூவான்கள்.

இந்தக் குழாய்களின் பூர்வீகம் கோலார் தங்கவயல். புரோட்டான் தானாகச் சிதையுமா என்று பார்க்க, காஸ்மிக் கதிர்களிடமிருந்து தப்பித்துப் பூமிக்கடியில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தவை. அந்தச் சோதனை முடிந்ததும் மேலே வந்து, நீலகிரியில் 2,200 மீட்டர் உயரத்தில், எந்தக் கதிர்களிடமிருந்து ஒளிந்திருந்தனவோ அவற்றையே எண்ணத் தொடங்கின. 2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து வந்த மேகம் பூமியில் மோதியது. நம் கணக்கில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில், ஊட்டிக் குழாய்களில் மியூவான் எண்ணிக்கை இரண்டு மணி நேரம் வழக்கத்தைவிட ஏறி நின்றது. காந்த வேலி அந்த நேரம் தளர்ந்து, வழக்கமாகத் திரும்பிப் போயிருக்க வேண்டிய கதிர்கள் உள்ளே வந்தன என்பது ஆய்வாளர்கள் 2016-இல் தந்த விளக்கம்.

சிம்ப்சன் தொடங்கிய கொலராடோவின் கிளைமாக்ஸ் நிலையம் 1951 முதல் 2006 வரை எண்ணியது. பிறகு நின்றுபோனது. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. 2009-இல் சூரியன் வழக்கத்தைவிட ஆழ்ந்து அடங்கியபோது, மற்ற நியூட்ரான் மானிகள் விண்வெளி யுகத்தில் அதுவரை காணாத உயரத்தைத் தொட்டன. அந்த ஆண்டைத் தன் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட்டுச் சொல்ல மிகப் பொருத்தமான கருவிகளில் ஒன்று அப்போது ஓடவில்லை. பின்லாந்தின் ஔலுவில் இருக்கும் மானி 1964 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட நிலையங்களுக்குப் புதுக் கண்டுபிடிப்பு என்று ஆண்டுதோறும் காட்ட எதுவும் இருக்காது. ஓடிக்கொண்டே இருப்பதற்காகவே பணம் தர வேண்டிய கருவிகள் இவை.

கருவிகள் வருவதற்கு முந்திய காலத்துக்கு மரங்கள் இருக்கின்றன. காஸ்மிக் கதிர் காற்றில் உண்டாக்கும் கார்பன்-14 ஆண்டு வளையங்களில் சேர்கிறது. 1645-க்கும் 1715-க்கும் இடையே சூரியனில் புள்ளிகளே அரிதாக இருந்தன. அந்தக் காலத்து வளையங்களில் கார்பன்-14 கூடுதல், ஃபோர்புஷ் கண்ட அதே தலைகீழ் உறவு. ஆனால் கி.பி. 774-775 வளையத்தில் அது ஒரே ஆண்டில் எகிறியிருப்பதை ஜப்பானிய சிடார் மரங்களில் ஃபூசா மியாகே 2012-இல் கண்டார். அடங்கிய சூரியனால் அவ்வளவு வேகமாகக் கூட்ட முடியாது. அதற்கு என்ன காரணம் என்று அடுத்த வாரம் பார்க்கலாம்.