கெட்டப் மாறினால் மார்க்கெட் மாறுமா?

1983 செப்டம்பர் 18 அன்று எம்டிவி சேனலில் நான்கு ஆண்கள் வெறும் முகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் செய்தி. ஆனால் அமெரிக்க ராக் ரசிகர்களுக்கு அது சின்ன விஷயமே அல்ல. கிஸ் குழுவினரின் நிஜ முகத்தை அதுவரை அவர்கள் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் கிளம்பிய அந்தக் குழு, வெள்ளைப் பூச்சும் கறுப்புக் கோடுமாகத்தான் மேடை ஏறும். பூனை, பேய், விண்வெளி மனிதன், நட்சத்திரக்காரன் என்று ஆளுக்கொரு வேஷம். வெளியே புகைப்படக்காரர்கள் துரத்தினால், கையில் கிடைத்த துணியால் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

பிறகு ஏன் வேஷத்தைக் கலைத்தார்கள்? வேஷம் அளவுக்கு மீறி விற்றுவிட்டது. பொம்மை, டிபன் டப்பா என்று கிஸ் சின்னப் பிள்ளைகளின் கடைக்குள் இறங்கியிருந்தது. 1977-இல் மார்வெல் நிறுவனம் அவர்களை வைத்துப் படக்கதைப் புத்தகம் போட்டபோது, நால்வரும் தங்கள் ரத்தத்தை எடுத்து, அச்சடிக்கும் சிவப்பு மையில் கலந்தார்கள். அதற்கு நோட்டரி சான்று வேறு! விளம்பரம் என்ற அளவில் பிரமாதம்தான். ஆனால் எட்டு வயதுத் தம்பி கொண்டாடும் குழுவை, கல்லூரிக்குப் போகும் அண்ணன் மதிப்பானா? டிரம்ஸ் வாசித்த பீட்டர் கிரிஸ் 1980-இலும், கிட்டார் வாசித்த ஏஸ் ஃப்ரேலி 1982-இலும் விலகினார்கள். 1982-இல் வந்த 'கிரியேச்சர்ஸ் ஆஃப் த நைட்' முரட்டு ராக் ஆல்பம், நல்ல ஆல்பமும்கூட. போணியாகவில்லை.

அடுத்த ஆண்டு முகத்தைக் கழுவிக்கொண்டு 'லிக் இட் அப்' ஆல்பத்தோடு வந்தார்கள். விற்பனை ஏறியது, கோல்டு சான்றிதழும் கிடைத்தது. இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இசையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் ஒன்றும் இல்லை. மாறியது முகம் மட்டும்தான்.

இசைக் கம்பெனிகள் இந்தக் கணக்கை நெடுநாளாக அறிந்திருக்கின்றன. ஒரு பாடகர் தன் தாள அமைப்பை மாற்றினால் விமர்சகர்கள் நாலு பேர் எழுதுவார்கள். தலைமுடியை மாற்றினால் அது ஊருக்கே செய்தி. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆல்பத்துக்குப் புதுத் தோற்றம்தான் முதல் சுவரொட்டி. தென்கொரியாவின் கே-பாப் துறை இதை ஒரு தொழில்முறையாகவே வகுத்துவிட்டது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு 'கான்செப்ட்' உண்டு. பாட்டு வருவதற்கு முன்பே புது முடி நிறமும் புது உடையுமாகப் படங்கள் வந்துவிடும்.

அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் விக் மாட்டிக்கொண்டு ஜெயித்துவிடலாமா? கார்த் புரூக்ஸைக் கேட்க வேண்டும். 1990களின் அமெரிக்காவில் ஆல்பம் விற்பனையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கவ்பாய் தொப்பியும் கன்ட்ரி பாட்டும்தான் அவருடைய அடையாளம். 1999-இல் அவர் திடீரென்று கறுப்பு விக், கீழுதட்டுக்கு அடியில் ஒரு கொத்துத் தாடி, மெலிந்த முகம் என்று கிறிஸ் கெய்ன்ஸ் ஆனார். ஆஸ்திரேலியாவில் பிறந்த, கற்பனையான ஒரு ராக் பாடகர்! அந்த இல்லாத மனிதரின் 'பழைய ஹிட்' பாடல்கள் என்ற பெயரில் ஒரு ஆல்பம்; வாழ்க்கைக் கதை சொல்லும் போலி டிவி நிகழ்ச்சி; பின்னால் ஒரு சினிமாவும் வருவதாக ஏற்பாடு. 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் புரூக்ஸாக வந்து தொகுத்து வழங்கிவிட்டு, கெய்ன்ஸாக வந்து பாடவும் செய்தார். ஜனங்கள் விழித்தார்கள். ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடத்தில் நுழைந்தும், தோல்வி என்றே பெயர் வாங்கியது. அந்தச் சினிமா வரவே இல்லை.

இதில் எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. அந்த ஆல்பத்தின் 'லாஸ்ட் இன் யூ' பாட்டு பாப் பட்டியலில் 5-ஆம் இடம் வரை போனது. புரூக்ஸ் தன் சொந்தப் பெயரில் அந்தப் பட்டியலில் அவ்வளவு உயரத்தைத் தொட்டதே இல்லை. ஆக, பாட்டில் குறை இல்லை. தங்கள் ஊர்ப் பையன் என்று நம்பி வாங்கியவர்களுக்கு, அவர் வேறு ஆளாக நடிப்பதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

பாடகர் டேவிட் போவி வேறு ஆளாக மாறியது மட்டும் ரசிகர்களுக்கு எப்படி இறங்கியது? அவர் எந்நாளும் 'நான் இதுதான்' என்று சொன்னதில்லை. 1969-இல் ஒரு ஹிட் கொடுத்துவிட்டு, பிறகு மூன்று ஆண்டு பேசப்படாமல் கிடந்தவர். 1972 ஜூலையில் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் சிவப்புத் தலையும் பல வண்ண உடையுமாக, கிட்டார்காரர் மிக் ரான்சனின் தோளில் கைபோட்டபடி பாடினார். பிரிட்டனின் வரவேற்பறைகளில் அது ஒரு அதிர்ச்சி. ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற அந்தப் பாத்திரம் அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. ஏறக்குறைய ஒரு வருடத்தில், 1973 ஜூலை 3 அன்று, லண்டன் மேடையில் இதுவே கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்து ஸிக்கிக்கு முடிவு கட்டினார். கூட வாசித்தவர்களில் இருவருக்கே அது அப்போதுதான் தெரியும்! 1975-இல் சோல் இசைக்குப் போனபோது உடையும் அதற்கேற்ப மாறியது. 'ஃபேம்' பாட்டு அமெரிக்காவில் அவருக்கு முதல் நம்பர் ஒன் ஆனது. மாறுவதுதான் இவர் வேலை என்று ரசிகர்கள் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டதால், மாறாமல் இருந்திருந்தால்தான் ஏமாந்திருப்பார்கள்.

மாறுவதா வேண்டாமா என்ற தேர்வே பெண்களுக்குப் பல நேரம் கிடைப்பதில்லை. ஆண் கலைஞர்களைவிடப் பல மடங்கு தங்களைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் பெண்களுக்கு வேலை நிலைக்கும் என்று பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2020-இல் வெளிவந்த தன் ஆவணப்படத்தில் சொல்கிறார். மாறினால் விட்டுவிடுகிறார்களா என்றால், அதுவும் இல்லை. உடலை யாரும் எடைபோடக் கூடாது என்று தொளதொள உடையில் வந்த பாடகி பில்லி ஐலிஷ், 2021-இல் பிரிட்டிஷ் வோக் அட்டையில் பொன்னிற முடியும் கார்செட்டுமாக வந்தார். கொள்கையை விற்றுவிட்டார் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அடுத்த ஆல்பம் அமெரிக்காவில் நம்பர் ஒன். 2024-இல் 22 வயதில் இரண்டாவது ஆஸ்கர். உடையோ பழையபடி தொளதொளவுக்கே திரும்பிவிட்டது.

கிஸ்ஸும் திரும்பியது. வெறும் முகத்தோடு 80களை ஓட்டினார்கள், ஆல்பங்கள் விற்றன. ஆனால் தலைமுடியைப் பரத்திவிட்டுக்கொண்டு பளபள உடையில் ஆடிய டஜன் கணக்கான குழுக்களில் அவர்களும் ஒன்று, அவ்வளவே. 1996-இல் பழைய நால்வரும் மறுபடி பூச்சு பூசி வந்தார்கள். டெட்ராய்ட் மைதானத்தில் நடந்த முதல் நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய 40,000 டிக்கெட்டுகள் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்தன.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். 80களின் தொடக்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நரி, எகிப்தியச் சின்னம் என்று புது வேஷம் கட்டியிருந்தார்கள். கிரிஸும் ஃப்ரேலியும் இரண்டாம் முறை விலகிய பிறகு வந்தவர்களுக்கு அதே பூனையும் அதே விண்வெளி மனிதனும்தான். மேடையின் கீழிருந்து பார்த்தவர்களில் ஆள் மாறியதைக் கவனிக்காதவர்களும் இருந்திருப்பார்கள். 2023 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கடைசி நிகழ்ச்சி முடிந்ததும், அவர்கள் நின்ற அதே மேடையில் கணினியில் உருவான கிஸ் தோன்றியது. சில மாதங்களில், பாட்டு, பெயர், முகப்பூச்சு எல்லாவற்றையும் சேர்த்து ஸ்வீடனின் பாப்ஹவுஸ் நிறுவனத்துக்கு 30 கோடி டாலருக்கும் மேலான தொகைக்கு விற்றுவிட்டார்கள்.