வெள்ளத்தில் அழியாத மருத்துவக் குறிப்பு

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையை நம் பகுதியினர் எளிதில் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி பெருக்கெடுத்து, திருநெல்வேலியின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. அரிசி, துணிமணிகளோடு மருத்துவக் கோப்புகளும் நனைந்து அழிந்தன.

அதன்பின் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்த சிலரிடம், என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்று கேட்டபோது, ‘சின்ன மாத்திரை, ராத்திரி பாதி’ என்பதே விடையாக இருந்தது. இதய வால்வு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் பலர் உட்கொள்ளும் வார்ஃபரின் மாத்திரை 1, 2, 3, 5 மில்லிகிராம் எனப் பல அளவுகளில் கிடைக்கிறது. அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் உறையக்கூடும். மிகுந்தால் உடலுக்குள் ரத்தக்கசிவு ஏற்படக்கூடும். ‘பாதி மாத்திரை’ என்பது மருத்துவருக்குப் போதிய தகவல் அன்று.

ஆபா எண்

இக்குறையை நீக்கும் முயற்சியாக, ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. இதன்கீழ் எவரும் கட்டணமின்றி 14 இலக்க ‘ஆபா’ எண்ணைப் பெறலாம். இது கட்டாயமன்று. கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் ஆர்.சி.எச். எண்ணைப் பலர் அறிவீர்கள். அது மகப்பேறு, குழந்தை நலம் தொடர்பானது. ஆபா எண் எல்லா நோய்களுக்கும், வாழ்நாள் முழுமைக்கும் உரியது.

உங்கள் அறிக்கைகள் அனைத்தும் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை. அவை அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். வேறொரு மருத்துவர் அவற்றைப் பார்க்க வேண்டுமெனில் உங்கள் ஒப்புதல் தேவை. எந்த அறிக்கையை, எவ்வளவு காலத்திற்குக் காட்டலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அளித்த ஒப்புதலைத் திரும்பவும் பெறலாம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. ஆபா எண் காப்பீட்டு அட்டை அன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் தவறாமல் கொண்டுவாருங்கள்.

2. எண் பெற்றவுடன் பழைய அறிக்கைகள் தாமாக வந்து சேரா. சிகிச்சையளித்த மருத்துவமனை இத்திட்டத்தில் சேர்ந்து, உங்கள் பதிவை அந்த எண்ணோடு இணைத்திருக்க வேண்டும். பெயர்ப் பதிவின்போதே எண்ணைத் தெரிவியுங்கள்.

3. பெயர், பிறந்த ஆண்டு, கைப்பேசி எண் ஆகியவை எல்லா இடங்களிலும் ஒன்றாக இருக்கட்டும். ஓரிடத்தில் முன்னெழுத்தும் மற்றோரிடத்தில் தந்தையின் முழுப்பெயரும் இருந்தால் பதிவுகளை இணைப்பதில் சிக்கல் நேரலாம்.

4. ஓ.டி.பி. எண்ணைத் தொலைபேசியில் கேட்பவர் எவருக்கும் சொல்லாதீர்கள்.

ஒரு தாளும் வேண்டும்

வெள்ளத்தின்போது பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய வேளையில் ஆபா எண் மட்டும் உதவாது. எனவே நோயின் பெயர், மருந்துகளின் பெயர், மில்லிகிராம் அளவு, உட்கொள்ளும் நேரம், ஒவ்வாமை, செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். இன்சுலின் போடுபவர்கள் அதன் முழுப்பெயரையும் யூனிட் அளவையும் சேர்த்து எழுதுங்கள். அத்தாளை நீர் புகாத உறையிலிட்டு, ஆதார், குடும்ப அட்டைகளோடு வையுங்கள். அதைப் படமெடுத்து, வெளியூரில் வாழும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைப்பதும் நன்று.

அடுத்த முறை வரும்போது அத்தாளை மறவாமல் கொண்டுவாருங்கள். மருந்து மாறியிருந்தால் அப்போதே திருத்தித் தருவோம்.